எழுத்துக்கு மேல ஒரு வட்டம்

...தட்டாதீங்க. தட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல. புதன்கிழமையிலேருந்து இந்தக் கட்டடத்துல இருக்குற அத்தனை பேரும் தட்டிப் பாத்தாச்சு. ரூனார் கரண்டியால தட்டினாரு. ரூனாரைத் தெரியாதா? நம்ம குடியிருப்புச் சங்கத் தலைவர். தெரிஞ்சுக்குவீங்க, தப்பிக்க முடியாது. இதோ துவைக்கற முறை பதியற இந்த ஸ்கிரீன் ஓரத்துல கீறல் இருக்கே, அது அவரோட கரண்டி.

நீங்க நாலாவது மாடி, இல்ல? ஏ வாசல். போன வாரம் பியானோ ஏத்தினது நீங்கதானே... பியானோ இல்லையா? பின்ன என்ன அது, அவ்வளவு பெரிசா... ஃப்ரிட்ஜா. சரி. நான் எஸ்டென். உங்க வரிசையிலேயே கீழ, முதல் மாடி. உங்க வீட்டுத் தண்ணி என் சுவர் வழியாத்தான் இறங்குது. குறையா சொல்லல. தகவல் சொல்றேன்.

பையைக் கீழ வைங்க. துவைக்கற மெஷின் ரெண்டும் ஓடுது, ரெண்டுலயும் என் துணி. என்னோட முறை இது. ஸ்கிரீன்ல காட்ட முடியாது, ஸ்கிரீன்தான் செத்துக் கிடக்குதே. அதனால காகிதத்துல எழுதி ஒட்டியிருக்கேன், பாருங்க, "சனி காலை, எஸ்டென், ஏ வாசல்". அதுக்குக் கீழ யாரோ "யார் கொடுத்த முறை?"ன்னு எழுதியிருக்காங்க. அதுக்குக் கீழ நான் "நானே எடுத்தது"ன்னு எழுதியிருக்கேன். அதுக்குக் கீழ இன்னொருத்தர் ஒரு படம் வரைஞ்சிருக்காரு. அதைப் பாக்க வேண்டாம்.

இப்படித்தான் ஆயிடுச்சு இந்த வீடு. வியாழக்கிழமை இதே இடத்துல ரெண்டு குடும்பம், ஆளுக்கு மூணு கூடை, எதிரும் புதிருமா நின்னாங்க. கத்தல. சுவீடன்ல யாரு கத்துறா? ரெண்டு பேரும் "பரவால்ல, நீங்களே துவைங்க"ன்னு சொல்லிட்டே நின்னாங்க, ரெண்டு பேருமே நகரல. அன்னிக்கு யாரும் துவைக்கல. வெள்ளிக்கிழமை யாரோ குதிரைப் போர்வையைப் போட்டுத் துவைச்சிருக்காங்க. குதிரை! யெவ்லெ ஊர் நடுவுல, மூணு வாசல் இருக்குற கட்டடத்துல, யாருகிட்ட குதிரை இருக்கு? யாரும் ஒத்துக்கல. என் தலையணை உறையில இன்னும் அந்த முடி இருக்கு.

முன்னாடி முறை பதியப் பலகை இருந்துச்சு. மரப்பலகை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குட்டிப் பூட்டு. எந்த நேரம் வேணுமோ அந்தக் குழியில உங்க பூட்டைச் செருகிப் பூட்டிடணும். ஆச்சு. யாரும் அசைக்க முடியாது. ரூனாருக்கு அது பழசாப் போச்சாம். ஸ்கிரீன் வேணுமாம். பலகையைக் குப்பை மையத்துல கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்து, அன்னிக்குச் சாயங்காலம் எல்லாருக்கும் ஏலக்காய் பன் குடுத்தாரு.

ஸ்கிரீன் ஏன் செத்துச்சுன்னு கேக்கறீங்க. கேக்கலையா? கேட்ட மாதிரி இருந்துச்சு.

ஒரு வக்கீல். அவர்தான் ஆரம்பம்.

ஜெர்மனியில லிஃப்ட் செய்யுற கம்பெனி ஒண்ணு. அதோட வக்கீல் போன மாசம் எனக்கு எழுதுறாரு. மரியாதையா எழுதுறாரு, அதான் எரிச்சல். "ஐயா, உங்க புரோகிராமை எங்க லிஃப்ட்ல வச்சிருக்கோம். எந்த லிஃப்ட்டுக்கு எப்போ பழுது பாக்குற முறைன்னு அதுதான் கணக்குப் போடுது. ரொம்ப நல்லா இருக்கு. உங்க லைசன்ஸ் என்ன சொல்லுதுன்னா, எத்தனை நகல் எடுத்தாலும் அந்த நாலு வரி அறிவிப்பு கூடவே இருக்கணும்னு சொல்லுது. அதை நாங்க மதிக்கறோம். ஆனா நீங்களே வெளியிடுற பொட்டலத்துக்குள்ள அந்த நாலு வரி இல்ல. இல்லாததை நாங்க எப்படிக் கூட வச்சுக்கறது?"

ஆமா, அந்தப் புரோகிராம் என்னுதுதான். இந்த ஸ்கிரீன்ல ஓடுறதும் அதுதான். அப்படிப் பாக்காதீங்க.

என்னுது மட்டும்னு சொல்ல முடியாது. ரெண்டு பேரு எழுதினது. நானும் ஓசாவும். ஓசா ஹெட்கோர்ட். அப்போ அவ என் பெண்டாட்டி. இப்போ பி வாசல், மூணாவது மாடி. முற்றம் தாண்டி எதிர்த்தாப்ல, ஜன்னல்ல சிவப்புத் திரை, அதான். பாக்காதீங்க, நாம பாக்குறது தெரியும்.

அதுக்குத் தூர்னு பேரு வச்சோம். முறைன்னும் வச்சுக்கலாம், அதிர்ஷ்டம்னும் வச்சுக்கலாம், சுவீடிஷ்ல அந்த வார்த்தைக்கு ரெண்டும்தானே. எதுக்கு எழுதினோம்னா, துணி துவைக்கற சண்டைக்குத்தான். யாரு முறை, போன தடவை யாரு, நீ லீவுல இருந்தப்போ நான் செஞ்சது கணக்குல வருமா வராதா... சாப்பாட்டு மேசையில தினம் இதே பேச்சு. ஒரு நாள் ஓசா தட்டைத் தள்ளி வச்சுட்டு, "கம்ப்யூட்டர் சொல்லட்டும், அதுகிட்டப் போய்ப் பேசிட்டிரு"ன்னா. ரெண்டு பேரும் உக்காந்தோம். கஷ்டமான பாகம் எல்லாம் அவதான் எழுதினா. அக்டோபர்ல கடிகாரத்தைப் பின்னாடி தள்ளுவோமே, ஒரே மணி ரெண்டு தடவை வருமே, அப்போ முறை யாருக்கு? உலகத்துல எத்தனை புரோகிராம் அந்த ஒரு மணி நேரத்துல மல்லாந்து விழுது தெரியுமா? ஓசா எழுதினது விழாது. நான் செஞ்சது பொட்டலம் கட்டுனது. இருக்கறதை எல்லாம் சேத்துக் கட்டி, விவரம் எழுதி, வெளியில வைக்கறது. அதுவும் வேலைதான். யாரும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா வேலைதான்.

இலவசமாக் குடுத்தோம். யாரு வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், வித்துக்கலாம். ஒண்ணே ஒண்ணு, எங்க ரெண்டு பேரு பேரும் இருக்குற அந்த நாலு வரியைப் பிரிக்காம கூட வச்சுக்கணும். அவ்வளவுதான் கூலி. பல் டாக்டர்கள் எடுத்துக்கிட்டாங்க. தீவுக்குப் போற படகுல சைக்கிள் ஏத்துறதுக்கு எடுத்துக்கிட்டாங்க. டென்னிஸ் கூடம், நூலகத்துல படிக்கற அறை, ஏதோ ஒரு ஊர்ல சர்ச்சு மணி அடிக்கற முறைக்குக்கூட. கடைசியா இந்த ஸ்கிரீன் செய்யுற கம்பெனி. ரூனார் இதைக் கொண்டுவந்து மாட்டினப்போ நான் ஒண்ணும் சொல்லல. ஓசாவும் சொல்லல. அவ அங்க நின்னா, நான் இங்க நின்னேன், பன் தின்னோம்.

ம்? ஏன் பிரிஞ்சோமா? நீங்க கேக்கல, சரி, ஆனா கேப்பீங்க. நான் பேசிட்டே இருந்தேனாம். அது பரவால்லியாம். அவ பேசினப்போ காதுல வாங்கலையாம். இதை அவ எத்தனையோ தடவை சொன்னாளாம். எனக்கு ஞாபகமில்ல.

எட்டு வருஷம் ஆச்சு. எல்லாத்தையும் பிரிச்சோம். படகு அவளுக்கு, ஏரிக்கரை வீடு வித்தாச்சு, காபி மெஷின் எனக்கு, காபி அரைக்கறது அவளுக்கு. அது எப்படின்னு கேக்காதீங்க. கடைசியா அந்தம்மா, எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்த வக்கீலம்மா, "ரெண்டு பேருக்கும் பொதுவா வேற ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டாங்க. நான் ஓசாவைப் பாத்தேன். ஓசா மேசையைப் பாத்தா. "இல்ல"ன்னா. நானும் "இல்ல"ன்னேன்.

ரெண்டு பேருக்கும் தெரியும், தூர் இருக்குன்னு.

அது இருக்கட்டும். வக்கீல். ஜெர்மன்காரர். எனக்கு முதல்ல கோபம். உள்ள இல்லாம எங்க போகும்? அறிவிப்பு எங்க மூலக் கோப்புகளோட இருக்கத்தான் இருக்கு. ஆனா பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தா... இல்ல. பொட்டலம் கட்டும்போது எதெது உள்ள போகணும்னு ஒரு இடத்துல சொல்லி வைக்கணும். அதுல நான் இதைச் சொல்லவே இல்ல. முதல் நாள்லேருந்து. உலகம் முழுக்கப் பல் டாக்டரெல்லாம் எங்க பேர் இல்லாமத்தான் பல் புடுங்கிட்டு இருந்திருக்காங்க.

ஒரு வரி சேத்தா முடிஞ்சுது. நீங்களும் அப்படித்தானே நினைப்பீங்க? நாலு வரி எழுத்து. ஓடாது, பேசாது, ஒண்ணையும் தொடாது. ஓரமா உக்காந்திருக்கப் போற ஒரு காகிதம். அது என்னத்தைக் கெடுக்கும்?

சேத்தேன். மேக் கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் பில்ட் உடைஞ்சுது. பில்ட்டுன்னா... உதிரியா இருக்கறதை ஒண்ணா கோத்து ஓடுற மாதிரி பண்றது. ஏன் உடைஞ்சுதுன்னா, லைசன்ஸ்னு இன்னொரு கோப்புறை ஏற்கனவே இருந்துச்சு, சின்ன எழுத்துல. நான் வச்ச கோப்பு பெரிய எழுத்துல. அதுங்களுக்குச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து எல்லாம் ஒண்ணுதான். ஒரே பேருல ரெண்டு பேரு வாசல்ல நின்னா எதை விடுறது? ரெண்டையும் விடல. சரின்னு பேரை மாத்தினேன். அடுத்து, போர்ச்சுகல்ல ஒரு அம்மா எழுதுறாங்க, அவங்க சோதனை விழுதாம். என்ன சோதனைன்னு பாத்தா, "பொட்டலத்துக்குள்ள பதினோரு கோப்பு இருக்கணும்"னு எண்ணிப் பாக்குது. இப்போ பன்னெண்டாம். எண்ணிப் பாக்குறாங்க! அவங்க எண்ணத்தான் செய்வாங்களாம், அது அவங்க உரிமையாம். சரி, அவங்களுக்கும் ஒரு வழி பண்ணிக் குடுத்தேன்.

எல்லாம் பண்ணி, என்கிட்ட இருக்குற அத்தனை கம்ப்யூட்டர்லயும் ஓட்டிப் பாத்து, செவ்வாய்க்கிழமை வெளியிட்டேன். ஜம்முனு ஓடுச்சு.

இந்த ஸ்கிரீன் ராத்திரி தானாவே "புதுசு வந்திருக்கா?"ன்னு பாக்கும். வந்திருந்தா இழுத்துக்கும். தானே கோத்துக்கும். புதன்கிழமை காலையில நான் துண்டு எடுத்துட்டு வரேன், இங்க ரூனார் கரண்டியோட நிக்கறாரு.

இப்பவும் பாருங்க, அப்பப்போ ஒரு வெள்ளைக் கோடு வந்து போகுதில்ல? அது இன்னும் முயற்சி பண்ணிட்டே இருக்கு. இழுக்கும், கோக்கும், அந்த எழுத்துக்கு வரும், விழும்.

எழுத்து. அதான் விஷயம். ஓசாவோட முதல் எழுத்து. இங்கிலீஷ் ஏ எழுத்துக்கு மேல ஒரு வட்டம், வட்டம் இருந்தா அதை ஓன்னு படிப்போம். இந்தப் பொட்டிக்கு அந்த வட்டம் தெரியாது. இருபத்தாறு எழுத்துதான் தெரியும். சுவீடன்ல, யெவ்லெயில, சுவீடிஷ்காரங்க துணி துவைக்கற அறையில மாட்டுன பொட்டி, அதுக்கு நம்ம எழுத்து தெரியாது. என் கம்ப்யூட்டருக்குத் தெரியும், அதனால எனக்கு உடையல. இதுக்குத் தெரியல. பல் டாக்டர் பொட்டிகளுக்கும் தெரியல. சைக்கிளோட தீவுக்குப் போக வந்தவங்க நாள் முழுக்கக் கரையில நின்னாங்களாம். பிப்ரவரியில எவன் சைக்கிளோட தீவுக்குப் போறான்னு நீங்க கேக்கலாம், நானும் அதைத்தான் பதிலா எழுதினேன். அவங்களுக்கு அது பிடிக்கல.

காசு வாங்காம குடுத்ததுக்கு வந்த திட்டு இருக்கே... ஒருத்தர் ஃபின்லாந்துலேருந்து எழுதுறாரு, "உங்களுக்குப் பேர் ஆசை"ன்னு. ஆசை! பன்னெண்டாவது கோப்புல, யாரும் திறக்காத மூலையில பேர் இருக்கணும்னு எவனாவது ஆசைப்படுவானா?

அப்புறம் ராட்டர்டாம்லேருந்து வௌட்டர்னு ஒரு பையன். நல்ல பையன். அவன் எனக்குத் திருத்தமே எழுதி அனுப்பிச்சுட்டான். "வட்டத்தையும் புள்ளியையும் எடுத்துடுங்க, எல்லா இடத்துலயும் ஓடும்"னு. ஓடும்தான். வட்டத்தை எடுத்தா ஓசா ஹெட்கோர்ட் இல்ல, ஆசா ஹெட்கார்ட். யாரு அது? நான் அப்படி ஒருத்தியைக் கட்டவே இல்லையே. என் பேரோட முதல் எழுத்து மேல இருக்குற ரெண்டு புள்ளியைத் தட்டுனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். சிரிக்காதீங்க. ஆமா, புள்ளி போனா சுவீடிஷ்ல அது சீஸ். "ஆசா மற்றும் சீஸ்". ஜெர்மன் லிஃப்ட்டுக்குள்ள பத்திரமா இருக்கும், "இந்தப் புரோகிராம் ஆசாவுக்கும் சீஸுக்கும் சொந்தம்"னு.

நான் சீஸா இருந்துட்டுப் போறேன். பள்ளிக்கூடத்துல ஒன்பது வருஷம் சீஸாத்தான் இருந்தேன். ஆனா ஓசா... உங்களுக்கு அவளைத் தெரியாது. ஒரு தடவை பேங்க்குல கார்டு அனுப்பினாங்க, வட்டம் இல்லாம. திருப்பி அனுப்பினா. மறுபடி வட்டம் இல்லாம வந்துச்சு. மறுபடி அனுப்பினா. கார்டு இல்லாமலே ஒரு வெயில்காலம் ஓட்டினா, எல்லா இடத்துலயும் நான்தான் குடுத்தேன். "இவ்வளவு சின்ன வட்டத்துக்கா?"ன்னு கேட்டேன். "வட்டம் சின்னதுதான், ஆனா அது இல்லாட்டி அது வேற யாரோ"ன்னா. பாருங்க, இது ஞாபகம் இருக்கு. காதுல வாங்கலன்னு எப்படிச் சொல்றது?

சரி, அவ பேரை மாத்த எனக்கு என்ன அதிகாரம்? சட்டப்படியே இல்ல. அறிவிப்பு ரெண்டு பேருது. ஒரு எழுத்தை அசைக்கணும்னாலும் ரெண்டு பேரும் சம்மதிக்கணும். அப்படின்னா நான் அவகிட்டப் போய்க் கேக்கணும். "ஓசா, உன் வட்டத்தை எடுத்துக்கட்டுமா?"ன்னு. வாய் திறந்து. எட்டு வருஷத்துல நாங்க பேசினது, "நூலெல்லாம் அடைச்சிருக்கு, வடிகட்டியைச் சுத்தம் பண்ணு", "பண்ணிட்டேன்", "காலை வணக்கம்", "மழை". அவ்வளவுதான்.

போனேன். போகலன்னு நினைக்காதீங்க. வியாழக்கிழமை போனேன். பி வாசல் வரைக்கும். கதவுல எண்ணை அமுக்கணும், எண்ணு தெரியும், எல்லா வாசலுக்கும் ஒரே எண்ணுதான். வலது முழங்கால் கொஞ்சம் புடிச்சிருந்துச்சு. மூணு மாடி. திரும்பிட்டேன். நேத்தும் போனேன். நேத்து முழங்கால் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மாவு மாவாப் பனி விழுந்துட்டு இருந்துச்சு, காலணி ஈரமாயிருக்கும், மேல போனா அவ தரை ஈரமாகும். அதனால...

...ம்? என்ன சொன்னீங்க?

இல்ல, சத்தத்துல கேக்கல, மெஷின் சுத்துது... அந்தப் பொட்டிக்கு அந்த எழுத்தைச் சொல்லிக் குடுக்க முடியாதான்னா?

ம்.

இந்த வடிகட்டி இருக்கு பாருங்க, இதை ஒவ்வொரு தடவையும் எடுத்துத் தட்டணும். புதுசா வந்தவங்க யாரும் தட்டறதில்ல. கையால எடுங்க, பிரஷ் வேண்டாம், பிரஷ் போட்டா வலை கிழியும். இங்க ஒரு காகிதம் ஒட்டியிருக்கேன், யாரும் படிக்கறதில்ல. உலகத்துல எங்க அறிவிப்பு ஒட்டினாலும் யாரும் படிக்கறதில்ல...

நீங்க விடமாட்டீங்க போல.

முடியும். சொல்லிக் குடுக்க முடியும். பொட்டிக்கில்ல, பொட்டலத்துக்கு. "இந்தக் கோப்பைத் திறக்கும்போது இந்த எழுத்துமுறையில படி"ன்னு ஒரு வார்த்தை சேத்தாப் போதும். வட்டம் வட்டமா இருக்கும், புள்ளி புள்ளியா இருக்கும், எல்லாம் ஓடும். தெரியும். வக்கீலுக்குத் தெரியாது, வௌட்டர் சின்னப் பையன், ரூனாருக்குக் கரண்டிதான் தெரியும். எனக்குத் தெரியும். புதன்கிழமை காலையில இங்க நின்னப்பவே தெரியும். காபி ஆறுறதுக்குள்ள எழுதி முடிச்சிருப்பேன்.

எழுதல.

ஏன்னா... நீங்க பையை எடுக்காதீங்க, உக்காருங்க, இதை ஆரம்பிச்சுட்டேன். எழுதிட்டா பிரச்சினை தீந்துடும். பிரச்சினை தீந்துட்டா அவகிட்டக் கேக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. இப்போ இருக்கு. இப்போ சட்டப்படி நான் அவ கதவைத் தட்டலாம். ரெண்டு பேர் சம்மதம் வேணும்ங்கற ஒரு விஷயம் இந்த உலகத்துல எங்களுக்கு இது ஒண்ணுதான் மிச்சம். அது புதன்கிழமை என் கைக்கு வந்துச்சு. அதை ஒரு வார்த்தையில முடிச்சுட்டு, தனியா உக்காந்து ரொட்டி திங்கணும்னா...

அதுக்காக ரெண்டு குடும்பம் துவைக்காம நின்னுச்சு. பல் டாக்டருங்க நின்னாங்க. சைக்கிள்காரங்க நின்னாங்க. தெரியும். குதிரைப் போர்வைக்கு நான் பொறுப்பில்ல, மத்ததுக்கெல்லாம் நான்தான். ரூனாருக்குச் சொல்லாதீங்க. சொன்னாலும் அவருக்குப் புரியாது, ஆனா சொல்லாதீங்க.

என்ன பண்ணட்டும் சொல்லுங்க? போய் நின்னு என்ன பேச? "வட்டம்"னு ஆரம்பிச்சா எங்க போய் முடிப்பேன்? என்னைத்தான் பாக்கறீங்களே, வக்கீல்ல ஆரம்பிச்சு வடிகட்டிக்கு வந்துட்டேன். அவ நிலைக்கதவைப் புடிச்சுட்டு நிப்பா. நான் போர்ச்சுகல் அம்மா பதினோரு கோப்பு எண்ணினதைச் சொல்லிட்டிருப்பேன். அவ "சரி எஸ்டென்"னு சொல்லுவா. அந்த "சரி எஸ்டென்" எனக்குத் தெரியும். நீங்க கேட்டதில்ல.

ஆங்... பாருங்க. வெள்ளைக் கோடு. மறுபடி முயற்சி பண்ணுது. இதோ இழுக்குது. இப்போ கோக்கும். இப்போ அந்த எழுத்துக்கு வரும், விழும். பாருங்க, இதோ... இதோ விழப்போகுது...

விழல.

இருங்க. தொடாதீங்க. வருது... அட, வந்துடுச்சு. சனி, ஞாயிறு, திங்கள்... எல்லாம் இருக்கு. என் முறை பச்சையில இருக்கு பாருங்க, சனி காலை, ஏ வாசல். நான்தான் சொன்னேனே என் முறைன்னு!

ஆனா எப்படி? நான் ஒண்ணும் பண்ணல. இங்கதான நிக்கறேன், நீங்க சாட்சி. வௌட்டரால முடியாது, அவன் அனுப்பலாம், உள்ள ஏத்த முடியாது. ஏத்துறதுக்கு ரெண்டே பேருகிட்டத்தான் அனுமதி. ஒண்ணு நான். இன்னொண்ணு... அவ எட்டு வருஷமா தொட்டதே இல்ல. கடவுச்சொல் மறந்திருப்பான்னு நினைச்சேன்.

ஃபோன்... கண்ணாடி எங்க... இதைக் கொஞ்சம் படிங்க. என்ன மாத்தினோம்னு ஒவ்வொரு தடவையும் ரெண்டு வரி எழுதி வைக்கணும், எல்லாரும் படிக்கற மாதிரி. இங்க, மேல இருக்கறது. இல்ல, குடுங்க, நானே படிக்கறேன்.

"அறிவிப்புக் கோப்பைச் சரியான எழுத்துமுறையில் படிக்கும்படி செய்யப்பட்டது. பேர்கள் மாற்றப்படவில்லை."

பேர்கள் மாற்றப்படவில்லை. ரெண்டும் இருக்கு. வட்டம், புள்ளி, எல்லாம். கீழ இன்னும் என்னமோ எழுதியிருக்கா.

"தெரிந்த குறைபாடு: பி வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவது. இது இன்னும் சரிசெய்யப்படவில்லை."

...

இதை ஊர் உலகமே படிக்குமே. ஜெர்மன் வக்கீல் படிப்பாரு. அவரு ஒரு எழுத்து விடாம படிக்கற ஆளு. போர்ச்சுகல் அம்மா எண்ணிப் பாப்பாங்க. இப்படியா ஒரு பொது இடத்துல எழுதுறது? மாத்தினதை மாத்திரம் எழுதணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். ஜன்னல்லேருந்து பாத்திருக்கா. ரெண்டு நாளும் பாத்திருக்கா.

சரி.

சரி, என்னங்க... உங்க பேரு என்ன? இவ்வளவு நேரம் நான் கேக்கவே இல்ல. ம்... மூணாங்கறதா பேரு. ம்-ஊ-ணா. மேல ஏதாவது புள்ளி வட்டம் உண்டா? இல்ல. கொடுத்து வச்சவங்க.

இந்தாங்க மூணா, இந்த அறைக்கான என் சாவி. இடது மெஷின் இன்னும் கொஞ்ச நேரத்துல நிக்கும். நின்னதும் என் துணியை எடுத்து எங்க வேணா போட்டுடுங்க. மடிக்க வேண்டாம். ரெண்டு மெஷினையும் எடுத்துக்குங்க, காய வைக்கற அலமாரியையும் எடுத்துக்குங்க. என் முறையை உங்களுக்குக் குடுக்கறேன். ஆமாங்க, முழுசா. யாராவது கேட்டா எஸ்டென் குடுத்தான்னு சொல்லுங்க. நம்பமாட்டாங்க. இந்தக் கட்டடத்துல யாரும் யாருக்கும் குடுத்ததில்ல.

நான் கிளம்பறேன். இல்ல, பேச ஒண்ணும் யோசிக்கல. யோசிச்சுட்டுப் போனாத்தான் வம்பு. மணி அடிச்சுட்டு சும்மா நிக்கறேன். அவ பேசட்டும்.